ஒரே மெயில் சர்வர், பல டொமைன்கள்: அலையஸை எங்கே எழுதுவது, எங்கே எழுதக் கூடாது

ஒரு நிறுவனம் இரண்டாவதாக ஒரு டொமைன் வாங்கிவிட்டால் போதும், சர்வரைப் பார்த்துக்கொள்பவருக்கு உடனே ஒரு பட்டியல் வந்துவிடும்: தகவல், விற்பனை, கணக்கு, வேலைவாய்ப்பு என்று நாலு பெயரில் புது டொமைனில் மெயில் வேண்டும். நாலையும் படிக்கப்போவது ஏற்கெனவே வேலையில் இருக்கும் இரண்டு பேர்தான்; கவிதா, செந்தில் என்று வைத்துக்கொள்வோம். ஆக, தேவைப்படுவது நாலு புதிய அஞ்சல் பெட்டிகள் இல்லை, நாலு பெயர்கள். கடிதம் அந்தப் பெயருக்கு வரும். போய்ச் சேர்வது வேறொரு முகவரிக்கு. இதைத்தான் அலையஸ் என்கிறோம்.

வேலை சின்னதுதான். ஒரு கோப்பில் நாலு வரி எழுதினால் முடிந்தது. ஆனால் அந்த நாலு வரி எழுதிய பிறகு வரும் புகார்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு டொமைனுக்கு எழுதிய கடிதம் இன்னொரு டொமைன் ஆளுக்குப் போகிறது. பட்டியலில் இருக்கிற முகவரிக்கே 'அப்படி ஒரு பயனர் இல்லை' என்று திரும்பி வருகிறது. ஜிமெயிலுக்குத் திருப்பிவிட்ட கடிதங்களில் சில வருகின்றன, சில வருவதில்லை. முதல் இரண்டும், அந்த டொமைன் எந்த வகையைச் சேர்ந்தது என்று சர்வருக்குத் தெளிவாகச் சொல்லாததால் வருபவை. மூன்றாவது வேறு கதை. அலையஸ் எழுதுவது என்பது ஒரு கடிதத்துக்கு நாம் பொறுப்பேற்பது என்பதை மறந்துவிடுவதால் வருவது.

இங்கே போஸ்ட்ஃபிக்ஸை வைத்தே பேசுகிறேன். லினக்ஸ் மெயில் சர்வர்களில் பரவலாக இருப்பது அது, இந்த விஷயத்தில் அதன் பிரிவினையும் தெளிவானது. எடுத்துக்காட்டுக்கு இரண்டு டொமைன்கள்: பருத்தி.பரிட்சை, இனிப்பு.பரிட்சை. 'பரிட்சை' என்பது 2007-ல், இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு தமிழ் உட்படப் பல எழுத்துகளில் டொமைன் பெயர்களைச் சோதித்துப் பார்த்தபோது இணையத்தின் வேர்ப் பட்டியலில் சேர்த்திருந்த மேல்நிலை டொமைன்களில் ஒன்று. இப்போது அது புழக்கத்தில் இல்லை. அதனால் யாராவது இந்த முகவரிகளை அப்படியே தட்டினாலும் யார் வீட்டு இன்பாக்ஸும் நிறையாது.

உறையில் இருப்பதுதான் முகவரி

மெயில் படிக்கும்போது மேலே தெரியும் 'பெறுநர்' வரியை வைத்துத்தான் கடிதம் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது கடிதத்தாளின் தலையில் எழுதியிருப்பது மாதிரி. தபால்காரர் அதைப் பார்ப்பதில்லை, உறையைத்தான் பார்க்கிறார். ஒரு சர்வர் இன்னொரு சர்வருடன் எஸ்எம்டிபியில் (மெயில் அனுப்பும் நெறிமுறை) பேசும்போது, அனுப்புநர் இவர், பெறுநர் இவர் என்று தனியாகச் சொல்கிறது. அந்த இரண்டும்தான் உறை. அலையஸ் மாற்றுவது உறையில் உள்ள பெறுநரை மட்டும். உள்ளே இருக்கும் 'பெறுநர்' வரி தொடப்படுவதில்லை. விற்பனை@இனிப்பு.பரிட்சை என்று எழுதிய கடிதம் கவிதாவின் பெட்டிக்கு வந்த பிறகும், மேலே விற்பனை என்றுதான் காட்டும். கவிதாவுக்கு அது வசதி, எந்தப் பெயருக்கு வந்தது என்று பார்த்து வடிகட்டிக்கொள்ளலாம்.

உறையில் முழு முகவரியும் இருப்பதால் இன்னொரு நன்மை. ஆரம்ப கால இணையத்தளங்களுக்கு டொமைனுக்கு ஒரு ஐபி எண் தேவைப்பட்டது. எந்தத் தளத்தைக் கேட்கிறோம் என்பதை பிரவுசர் சொல்லும் வழக்கம் பிறகுதான் நிலைபெற்றது. மெயிலுக்கு அந்தச் சிக்கலே இல்லை. பெறுநர் முகவரியில் டொமைனும் சேர்ந்தே வருவதால் ஒரே ஐபி எண்ணில் எத்தனை டொமைன்களுக்கு வேண்டுமானாலும் மெயில் வாங்கலாம். புது டொமைனின் எம்எக்ஸ் பதிவில், அதாவது இந்த டொமைனுக்கான மெயிலை வாங்குவது எந்தச் சர்வர் என்று டிஎன்எஸ்ஸில் (இணையத்தின் பெயர்ப் பதிவேடு) சொல்லும் இடத்தில், உங்கள் சர்வரின் பெயரைப் போட்டால் போதும். அந்தப் பெயர் சீநேமாக (இன்னொரு பெயரைக் காட்டும் டிஎன்எஸ் மாற்றுப்பெயர்) மட்டும் இருக்கக் கூடாது.

சிக்கல் வந்தது முகவரியால் அல்ல, யுனிக்ஸின் பழக்கத்தால். எரிக் ஆல்மன் எழுதிய சென்ட்மெயில் என்ற மெயில் சர்வர் மென்பொருள், 1983-ல் பெர்க்லி யுனிக்ஸின் 4.2 பதிப்போடு ஊரெங்கும் போய்ச் சேர்ந்தது. அந்தக் காலத்தில் ஒரு கணினி என்றால் ஒரு பெயர். அதில் கணக்கு வைத்திருப்பவர்கள்தான் மெயில் வாங்குபவர்கள். அதற்கு ஏற்றபடிதான் எட்ஸி (/etc) அடைவில் 'அலையஸஸ்' கோப்பும் அமைந்தது. இடப்பக்கம் வெறும் பெயர், ஒரு முக்காற்புள்ளி, வலப்பக்கம் போய்ச் சேரும் இடம். டொமைன் என்ற பேச்சே இடப்பக்கத்தில் கிடையாது. இன்றைக்கும் அந்தக் கோப்பு பெரும்பாலான லினக்ஸ் மெயில் சர்வர்களில் இருக்கிறது. புதியவர்கள் முதலில் கை வைப்பதும் அதில்தான். அதில் 'விற்பனை' என்று ஒரு வரி எழுதினால், அந்தச் சர்வர் தன்னுடையது என்று நினைக்கும் எல்லா டொமைன்களிலும் விற்பனை என்ற பெயர் ஒரே ஆளுக்குப் போகும். பருத்தி வாங்க எழுதியவரும் மைசூர்பாகுக்கு எழுதியவரும் ஒரே இன்பாக்ஸில். முதல் புகாரின் பிறப்பிடம் இதுதான்.

டொமைனுக்கு ஒரு வகை

வீட்சே வெனெமா ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் எழுதி 1998-ல் வெளிவந்த போஸ்ட்ஃபிக்ஸ், இந்தக் குழப்பத்தை டொமைன்களை வகை பிரித்துத் தீர்க்கிறது. வரும் முகவரியின் டொமைன் ஐந்து வகைகளில் ஏதாவது ஒன்றில் விழும். சர்வரின் சொந்த டொமைன் ஒரு வகை; அதில் பெயர்கள் யுனிக்ஸ் கணக்குகள், பழைய அலையஸஸ் கோப்பும் அங்கேதான் செல்லும். அடுத்தது அலையஸ் மட்டுமே உள்ள டொமைன். அதில் ஒரு பெட்டி கூடக் கிடையாது, ஒவ்வொரு முகவரியும் வேறு எங்கேயோ போகும். மூன்றாவது, யுனிக்ஸ் கணக்கு இல்லாமலே பெட்டிகள் கொண்ட டொமைன். நான்காவது, வாங்கி வேறொரு சர்வருக்குத் தள்ளிவிடுவது. மற்றதெல்லாம் வெளியுலகம்.

கான்ஃபிக் கோப்பில் முதல் வகையை 'மை டெஸ்டினேஷன்' என்ற அமைப்பிலும், இரண்டாவதை 'விர்ச்சுவல் அலையஸ் டொமைன்ஸ்' என்பதிலும், மூன்றாவதை 'விர்ச்சுவல் மெயில்பாக்ஸ் டொமைன்ஸ்' என்பதிலும் எழுத வேண்டும். ஒரு டொமைன் ஏதாவது ஒன்றில்தான் இருக்கலாம். இதுதான் இந்த முழு விஷயத்தின் முதுகெலும்பு, இதைத்தான் ஆட்கள் மீறுகிறார்கள். 'மெயில் வரவில்லையே' என்று தேடிப் போகிறவர் எங்கேயோ படித்துவிட்டு, புது டொமைனை மை டெஸ்டினேஷனிலும் சேர்த்துவிடுவார். மெயில் வர ஆரம்பித்துவிடும், அவரும் நிம்மதியாகிவிடுவார். லாகில் (சர்வர் எழுதிவைக்கும் பதிவேட்டில்) மட்டும் 'இந்த டொமைனை இரண்டு இடத்திலும் எழுதாதே' என்று ஓர் எச்சரிக்கை விழுந்துகொண்டே இருக்கும்.

அது வெறும் முணுமுணுப்பு இல்லை. இரண்டு இடத்திலும் இருந்தால் சர்வர் அதைத் தன் சொந்த டொமைனாகவே நடத்தும். அதாவது இனிப்பு.பரிட்சையில் நீங்கள் எழுதிய நாலு பெயர்கள் மட்டுமல்ல, அந்தக் கணினியில் உள்ள எல்லா யுனிக்ஸ் கணக்குகளும் செல்லுபடியாகும் முகவரிகளாகிவிடும். ரூட், டீமன், பேக்கப் எடுக்க யாரோ உருவாக்கிய கணக்கு, வேலையை விட்டுப்போன பையனின் கணக்கு, எல்லாம். ஸ்பேம் அனுப்புகிறவர்கள் முதலில் தட்டிப் பார்ப்பதே இந்த மாதிரிப் பெயர்களைத்தான்.

திரும்பி வரும் பிழைச் செய்தியைக் கவனித்தாலே வகை எங்கே தவறியது என்று சொல்லிவிடலாம். 550 என்ற எண்ணுக்குப் பின்னால் வரும் வாசகம், முதல் மூன்று வகைகளுக்கு ஏற்ப மூன்று விதமாக இருக்கும்: உள்ளூர்ப் பட்டியலில் ஆள் இல்லை, அலையஸ் பட்டியலில் ஆள் இல்லை, அஞ்சல் பெட்டிப் பட்டியலில் ஆள் இல்லை. அலையஸ் டொமைன் என்று நீங்கள் நினைத்திருக்கும் டொமைனுக்கு 'உள்ளூர்ப் பட்டியல்' என்று வந்தால், அலையஸ் கோப்பைத் திறக்கவே வேண்டாம். டொமைனைத் தவறான பட்டியலில் போட்டிருக்கிறீர்கள்.

கோப்புக்குள்

சரி, வகையை முடிவுசெய்தாகிவிட்டது. இனிப்பு.பரிட்சை ஓர் அலையஸ் டொமைன். போஸ்ட்ஃபிக்ஸ் அடைவில் 'விர்ச்சுவல்' என்ற கோப்பில் இப்படி எழுதுகிறோம் (வேலைவாய்ப்பும் இதே மாதிரிதான்):

தகவல்@இனிப்பு.பரிட்சை    கவிதா@பருத்தி.பரிட்சை
விற்பனை@இனிப்பு.பரிட்சை    கவிதா@பருத்தி.பரிட்சை, செந்தில்@பருத்தி.பரிட்சை
கணக்கு@இனிப்பு.பரிட்சை    செந்தில்@பருத்தி.பரிட்சை

இடப்பக்கத்துக்குப் பின் முக்காற்புள்ளி இல்லை, இடைவெளி மட்டும்தான். பழைய அலையஸஸ் கோப்பில் கை பழகியவர்கள் இங்கே முக்காற்புள்ளி போட்டுவிடுவார்கள், அப்புறம் அந்த வரி எந்த முகவரியோடும் பொருந்தாது. பழைய கோப்பில் இருந்த சில வசதிகளும் இதில் இல்லை. வலப்பக்கத்தில் ஒரு நிரலை ஓடவிடவோ, கடிதத்தை ஒரு கோப்பில் சேர்க்கவோ இங்கே வழியில்லை. முகவரி மட்டும்தான் எழுதலாம். டிக்கெட் மென்பொருளுக்குக் கடிதத்தை ஊட்ட வேண்டும் என்றால், இங்கிருந்து சொந்த டொமைனில் ஒரு பெயருக்கு அனுப்பி, அந்தப் பெயரைப் பழைய கோப்பில் நிரலோடு இணைக்க வேண்டும்.

வலப்பக்கம் வெறும் 'கவிதா' என்று எழுதலாமா? எழுதலாம். அப்படி எழுதினால் போஸ்ட்ஃபிக்ஸ் அதன் பின்னால் 'மை ஆரிஜின்' அமைப்பில் உள்ள டொமைனை ஒட்டிக்கொள்ளும். அந்த டொமைன் மை டெஸ்டினேஷனில் இருந்தால் கடிதம் கவிதாவுக்குப் போகும். இல்லாவிட்டால், வெளியுலகில் எங்கேயோ இருக்கும் ஒரு சர்வரைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடும். இன்று ஒழுங்காக ஓடுகிற ஏற்பாடு, நாளை யாரோ மை ஆரிஜினை மாற்றியதும் காரணம் தெரியாமல் உடைவது இப்படித்தான். இரண்டு பக்கமும் முழு முகவரி எழுதும் பழக்கம் நல்லது.

எழுதி முடித்ததும் 'போஸ்ட்மேப்' கட்டளையை ஓட்ட வேண்டும். சர்வர் படிப்பது நீங்கள் எழுதிய உரைக் கோப்பை அல்ல, அதிலிருந்து உருவாகும் தரவுக் கோப்பை. ஓட்ட மறந்தால் மாற்றம் எதுவும் நடக்காது. தரவுக் கோப்பு மூலக் கோப்பைவிடப் பழையது என்று லாகில் ஓர் எச்சரிக்கை மட்டும் வரும். அதே போஸ்ட்மேப்பிடம் 'க்யூ' தெரிவோடு ஒரு முகவரியைக் கொடுத்தால், அதற்கு எதிரே என்ன இருக்கிறது என்று காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் அந்த வரி இல்லை என்று பொருள். சோதனை மெயில் அனுப்பிவிட்டு அரை மணி நேரம் காத்திருப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்த ஒரு கட்டளையைச் சொல்லிக்கொடுக்கத் தோன்றும். ஆனால் அது அந்தக் கோப்பில் உள்ள ஒரு வரியைத்தான் காட்டும், முழுப் பயணத்தையும் அல்ல. முழுப் பயணமும் தெரிய வேண்டுமானால் போஸ்ட்ஃபிக்ஸோடு அதே பழைய பெயரில் வரும் 'சென்ட்மெயில்' கட்டளையை 'பிவி' தெரிவோடு ஓட்டுங்கள். கடிதம் எதையும் அனுப்பாமல், அனுப்பியிருந்தால் எங்கே போயிருக்கும் என்று ஓர் அறிக்கை உங்கள் பெட்டிக்கு வரும்.

தேடும் வரிசையும் தெரிந்திருக்க வேண்டும். தகவல்+தீபாவளி@இனிப்பு.பரிட்சை என்று ஒரு கடிதம் வந்தால், கூட்டல் குறியைப் பிரிப்பானாக அமைத்திருக்கும் சர்வர் முதலில் அந்த முழு முகவரியைத் தேடும். கிடைக்காவிட்டால் கூட்டல் பகுதியை நீக்கிவிட்டுத் தேடும். அதுவும் இல்லாவிட்டால், சொந்த டொமைனாக இருக்கும்போது மட்டும், வெறும் பெயரைத் தேடும். கடைசியில்தான் பெயரே இல்லாத, '@இனிப்பு.பரிட்சை' என்று மட்டும் எழுதிய வரி. கூட்டல் பகுதி தொலைந்துபோவதும் இல்லை. இயல்பான அமைப்பில் வலப்பக்க முகவரியில் ஒட்டிக்கொண்டு, கவிதா+தீபாவளி என்றே போய்ச் சேரும். பண்டிகை விளம்பரத்தில் இப்படி ஒரு முகவரி கொடுத்துவிட்டு, எத்தனை பேர் அதைப் பார்த்து எழுதினார்கள் என்று எண்ணிக்கொள்ளலாம். புதிதாக ஒரு வரி கூட எழுத வேண்டாம்.

கிடைத்த விடையையும் மறுபடி அதே பட்டியலில் தேடுவார்கள். ஓர் அலையஸ் இன்னோர் அலையஸைக் காட்டலாம், அது மூன்றாவதைக் காட்டலாம். சுற்றிச் சுற்றி வராமல் இருக்க, ஒரு முகவரி தன்னையே விடையாகத் தந்தால் அங்கே தேடல் நின்றுவிடும். ஆழத்துக்கும் விரிவுக்கும் இயல்பாக 1000 என்ற வரம்பு உண்டு. தன்னையே காட்டினால் நிற்கும் என்ற விதியால்தான் 'எனக்கும் ஒன்று, அவருக்கும் ஒன்று' என்ற ஏற்பாடு சாத்தியமாகிறது. இடப்பக்கம் கவிதா, வலப்பக்கம் கவிதா, செந்தில் என்று எழுதினால் கவிதாவின் கடிதம் அவர் பெட்டியிலும் விழும், நகல் செந்திலுக்கும் போகும். வலப்பக்கம் கவிதாவை விட்டுவிட்டால் அவர் பெட்டி அன்றோடு காலிதான்.

பட்டியல் எல்லோருக்கும் செல்லும்

பெயரில் 'விர்ச்சுவல்' என்று இருப்பதால் இந்த அலையஸ் பட்டியல் அலையஸ் டொமைன்களுக்கு மட்டும்தான் என்று நம்பிவிடுவது எளிது. போஸ்ட்ஃபிக்ஸில் அப்படி இல்லை. சர்வருக்குள் நுழையும் எந்தக் கடிதமானாலும், அதன் பெறுநர் முகவரி இந்தப் பட்டியலோடு ஒப்பிடப்படும். சொந்த டொமைனோ, பெட்டி உள்ள டொமைனோ, வெளியுலகமோ, விலக்கு இல்லை. இடப்பக்கம் ஒரு ஜிமெயில் முகவரியை எழுதி வலப்பக்கம் செந்திலை எழுதினால், உங்கள் சர்வர் வழியாக அந்த ஜிமெயில்காரருக்கு யார் எழுதினாலும் கடிதம் செந்திலுக்குப் போய்விடும். தொழில்நுட்பப்படி சரி, நியாயப்படி எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. அலையஸ் கோப்பை யார் திருத்தலாம் என்பதில் கொஞ்சம் கறாராக இருப்பதற்கு இதுவே போதுமான காரணம்.

இதன் இன்னொரு விளைவை அடிக்கடி பார்க்கலாம். பருத்தி.பரிட்சை பெட்டிகள் உள்ள டொமைன் என்று வைத்துக்கொள்வோம். முதலாளி சொல்கிறார்: 'பெயரைத் தப்பாக அடித்தாலும் கடிதம் நமக்கு வரட்டும்.' உடனே '@பருத்தி.பரிட்சை' என்று ஒரு வரி எழுதி, எல்லாவற்றையும் செந்திலுக்குத் திருப்புகிறார்கள். அடுத்த நிமிடத்திலிருந்து கவிதாவுக்கும் மெயில் வராது. கவிதாவுக்குப் பெட்டி இருப்பது அலையஸ் பட்டியலுக்குத் தெரியாது. அதைப் பொறுத்தவரை கவிதா என்று வரி இல்லை, ஆனால் மொத்தத்துக்குமாக ஒரு வரி இருக்கிறது, எடுத்துக்கொண்டுவிட்டது. பெட்டி உள்ள ஒவ்வொருவருக்கும் தன்னையே காட்டும் ஒரு வரி எழுதினால்தான் இது சரியாகும்.

எழுதிச் சரிசெய்யலாம்தான். ஆனால் எந்தப் பெயரில் வந்தாலும் வாங்கிக்கொள்ளும் இந்த ஏற்பாடே வேண்டாம் என்பது என் கட்சி. தப்பாக அடித்து வரும் நல்ல கடிதம் எப்போதாவது ஒன்று. அகராதியில் உள்ள பெயர்களையெல்லாம் வரிசையாகத் தட்டிப் பார்க்கும் ஸ்பேம் தினமும். தப்பாக அடித்தவருக்கும் இதனால் நன்மை இல்லை. உடனே 'ஆள் இல்லை' என்று திரும்பி வந்தால் திருத்தி அனுப்புவார். ஏற்றுக்கொண்டு, ஆயிரம் குப்பைக்கு நடுவே கிடக்கவிட்டால், பதில் வரும் என்று காத்துக்கொண்டே இருப்பார்.

டொமைனை டொமைனுக்கே திருப்புவதும் இதன் தம்பிதான். '@இனிப்பு.பரிட்சை' இடப்பக்கம், '@பருத்தி.பரிட்சை' வலப்பக்கம் என்று ஒரே வரி எழுதினால், எல்லாப் பெயர்களும் அப்படியே இந்தப் பக்கம் வந்துவிடும். அழகாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அந்த ஒரு வரியால் இனிப்பு.பரிட்சையில் உலகத்தில் உள்ள எந்தப் பெயரும் செல்லுபடியாகிவிடுகிறது. வாசலில் ஏற்றுக்கொள்வார்கள், உள்ளே வந்த பிறகுதான் பருத்தி.பரிட்சையில் அந்தப் பெயர் இல்லை என்று தெரியும். அதற்குள் அனுப்பிய சர்வர் தொடர்பைத் துண்டித்துக்கொண்டு போயிருக்கும். மறுப்பதற்கு எதிரே ஆள் இல்லாததால், உறையில் உள்ள அனுப்புநருக்கு உங்கள் சர்வரே 'போய்ச் சேரவில்லை' என்று ஒரு பவுன்ஸ் கடிதம் எழுத வேண்டியதாகிறது. ஸ்பேமில் அந்த அனுப்புநர் முகவரி திருடப்பட்டது. ஆக, ஒன்றுமறியாத யாருக்கோ உங்கள் சர்வர் குப்பை அனுப்புகிறது, கொஞ்ச நாளில் உங்கள் ஐபி எண் ஏதாவது ஒரு கறுப்புப் பட்டியலில் உட்கார்ந்துகொள்கிறது. டொமைனை டொமைனுக்குத் திருப்பியே ஆக வேண்டும் என்றால், பெயர்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள். பயனர்கள் தரவுத்தளத்தில் இருந்தால், மறுபக்கம் அந்தப் பெயர் உண்மையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே விடை தரும்படி வினவலை எழுதுங்கள்.

வெளியே திருப்பும்போது

மூன்றாவது புகாருக்கு வருவோம். கவிதா பருத்தி.பரிட்சையில் பார்ப்பதில்லை, ஜிமெயிலில்தான் பார்ப்பார். அதனால் வலப்பக்கம் அவருடைய ஜிமெயிலை எழுதிவிட்டார்கள். ஒரு வங்கி, தகவல்@இனிப்பு.பரிட்சைக்கு ஓர் அறிக்கை அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் சர்வர் உறையில் பெறுநரை மாற்றிவிட்டு ஜிமெயிலுக்குத் தள்ளுகிறது. அனுப்புநர் இன்னமும் வங்கிதான். ஜிமெயில் பக்கம் நின்று பாருங்கள்: வங்கியின் பெயரைச் சொல்லிக்கொண்டு, வங்கிக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் ஐபி எண்ணிலிருந்து கடிதம் வருகிறது. எங்கள் பெயரில் இந்தச் சர்வர்கள் மட்டும்தான் அனுப்பலாம் என்று வங்கி தன் டிஎன்எஸ்ஸில் எஸ்பிஎஃப் பதிவு எழுதி வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் நீங்கள் இல்லை. ஃபெயில்.

பிறகு கடிதத்தைக் காப்பாற்றக்கூடியது டிகிம் கையெழுத்துதான். அது கடிதத்தின் உள்ளடக்கத்தின் மேல் போட்ட கையெழுத்து, உறையைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. நடுவில் யாரும் உள்ளடக்கத்தைத் தொடாமல் இருந்தால் ஜிமெயிலில் அது தேறிவிடும். 2015-ல் ஆர்எஃப்சி 7489 ஆக (ஆர்எஃப்சி என்பது இணைய விதிகளை வரையறுக்கும் ஆவண வரிசை) வெளிவந்த டிமார்க் என்ற சோதனை முறை, எஸ்பிஎஃப் அல்லது டிகிம் இரண்டில் ஒன்று, மேலே தெரியும் அனுப்புநரின் டொமைனோடு ஒத்துப்போனால் போதும் என்கிறது. அதனால்தான் சில கடிதங்கள் வருகின்றன, சில வருவதில்லை. வங்கி டிகிம் போட்டிருந்தது, வந்தது. பக்கத்துக் கடைக்காரர் போடவில்லை, வரவில்லை. உங்கள் சர்வரே, பொருள் வரியில் 'வெளியிலிருந்து வந்தது' என்று ஒரு முன்னொட்டைச் சேர்க்கும்படி யாராவது அமைத்திருந்தால், நன்றாக இருந்த கையெழுத்தும் உடைந்துவிடும்.

இதற்கு எஸ்ஆர்எஸ் என்று ஒரு மருந்து உண்டு. உறையில் உள்ள அனுப்புநரை உங்கள் டொமைனில் ஒரு நீண்ட முகவரியாக மாற்றி எழுதுவது அது. அதற்குள்ளேயே பழைய முகவரியும், போலி இல்லை என்று காட்ட ஒரு சிறு முத்திரையும் ஒளிந்திருக்கும். பவுன்ஸ் திரும்பி வந்தால் பிரித்து உரியவருக்கு அனுப்பலாம். போஸ்ட்ஃபிக்ஸோடு 'போஸ்ட்எஸ்ஆர்எஸ்டி' என்ற துணை நிரலை இணைத்தால் இது நடக்கும். எஸ்பிஎஃப் தேறும். ஆனால் தேறுவது உங்கள் டொமைனுக்கு. மேலே தெரியும் அனுப்புநர் வங்கிதானே. டிமார்க் கேட்கும் ஒற்றுமை அதில் கிடைக்காது. ஆக எஸ்ஆர்எஸ் பாதி மருந்துதான்.

ஸ்பேம் கணக்கு வேறு இருக்கிறது. அலையஸுக்கு வரும் ஸ்பேமையும் உங்கள் சர்வர்தான் ஜிமெயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. ஜிமெயிலைப் பொறுத்தவரை அனுப்பியவர் நீங்கள். கவிதா அதை ஸ்பேம் என்று குறித்தால் அந்தக் கறை உங்கள் ஐபி எண் மேல்தான். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் அனுப்புநர் விதிகளை இறுக்கிய பிறகு இந்தக் கறை இன்னும் விலை கூடியது. பெட்டி ஒன்று திறந்துகொடுத்து, அதைக் கைப்பேசியில் ஐமேப் (சர்வரில் உள்ள பெட்டியைத் தொலைவிலிருந்து படிக்கும் முறை) வழியாகப் படிக்கச் சொல்வதுதான் என் யோசனை. அமைத்துக்கொடுக்கப் பத்து நிமிடம் ஆகும், திருப்பிவிட்டால் வருஷக்கணக்கில் லாகைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

வாங்குவதற்கு மட்டும்தான்

அலையஸ் எழுதிய மறுநாள் வரும் கேள்வி: 'விற்பனை பெயரில் வந்த கடிதத்துக்கு நான் பதில் போட்டால் கவிதா என்று போகிறதே?' போகத்தான் செய்யும். அலையஸ் உள்ளே வருவதற்கு மட்டும். வெளியே அந்தப் பெயரில் போக, மெயில் செயலியில் இன்னோர் அடையாளம் சேர்க்க வேண்டும். யார் எந்தப் பெயரில் அனுப்பலாம் என்ற பட்டியல் வைத்திருக்கும் சர்வர் என்றால், 'எஸ்எம்டிபிடி சென்டர் லாகின் மேப்ஸ்' அமைப்பில் விற்பனை@இனிப்பு.பரிட்சைக்கு எதிரே கவிதாவின் லாகினையும் எழுத வேண்டும். இந்தப் பட்டியலே இல்லாத சர்வரில் கவிதா முதலாளி பெயரிலும் அனுப்பலாம். அதை யாரும் கவனிப்பதில்லை. எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகள் புது டொமைனுக்கும் தனியாக வேண்டும்.

யாரும் கேட்காவிட்டாலும் எழுத வேண்டிய இரண்டு வரிகள் உண்டு: போஸ்ட்மாஸ்டர், அப்யூஸ். முதலாவதை எஸ்எம்டிபியின் 2008-ம் ஆண்டு வரையறையான ஆர்எஃப்சி 5321 கட்டாயமாக்குகிறது. மெயில் வாங்கும் ஒவ்வொரு டொமைனிலும் அந்தப் பெயர் வேலை செய்ய வேண்டும். இரண்டாவது 1997-ல் வந்த ஆர்எஃப்சி 2142-ல் இருக்கிறது. சொந்த டொமைனில் போஸ்ட்மாஸ்டர் தானாகவே இருப்பதால், அலையஸ் டொமைனிலும் இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். அங்கே எழுதினால்தான் உண்டு.

இடப்பக்கம் தமிழில்

மேலே எழுதியது போன்ற தமிழ் முகவரிகள் வெறும் எடுத்துக்காட்டுக்கு மட்டும் இல்லை, உண்மையிலேயே சாத்தியம். .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று தமிழ் எழுத்தில் மேல்நிலை டொமைன்கள் இருக்கின்றன. @ குறிக்கு முன்னாலும் தமிழ் வரலாம் என்பதை 2012-ல் ஆர்எஃப்சி 6531 வரையறுத்தது. போஸ்ட்ஃபிக்ஸ் 2015-ல் வந்த 3.0 பதிப்பிலிருந்து இதைக் கையாள்கிறது. தமிழ் முகவரியைச் சோதித்துப் பார்க்க அலையஸ் டொமைனைவிடச் செலவு குறைந்த வழி இல்லை: இடப்பக்கம் தமிழ் முகவரி, வலப்பக்கம் ஏற்கெனவே உள்ள பெட்டி.

இரண்டு இடத்தில் கால் இடறும். தமிழ் டொமைனுக்கு டிஎன்எஸ்ஸில் 'எக்ஸ்என்' என்று தொடங்கும் இன்னொரு வடிவம் உண்டு. போஸ்ட்ஃபிக்ஸ் தன் பட்டியல்களில் தேடும்போது ஒன்றை மற்றதாக மாற்றிப் பார்க்காது. அனுப்புகிறவர் எந்த வடிவில் அனுப்புவார் என்று நம்மால் சொல்ல முடியாது, ஆக டொமைன் பட்டியலிலும் அலையஸ் கோப்பிலும் இரண்டையும் எழுத வேண்டும். இன்னொன்று தமிழுக்கே உரியது. 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை யுனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. தேடும் சர்வருக்கு இரண்டும் வேறு வேறு பைட்டுகள். பழைய கோப்பிலிருந்து வெட்டி ஒட்டிய முகவரி, கண்ணுக்குச் சரியாக இருந்தும் பொருந்தவில்லை என்றால் இதையும் சந்தேகப்படுங்கள்.

இங்கேயும் வெளியே திருப்புவது கூடாது. உறையில் பெறுநரைப் பழைய எழுத்து முகவரியாக மாற்றினாலும் கடிதத்துக்குள் இருக்கும் தமிழ் முகவரி அப்படியேதான் இருக்கும். அடுத்த சர்வருக்கு அதைக் கையாளத் தெரியாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் கடிதத்தை மாற்றி எழுதி ஒப்பேற்றாது, திருப்பி அனுப்பிவிடும்.

ஆள் போன பிறகு

அலையஸ் கோப்பில் யாரும் கவனிக்காமல் கிடப்பவை, வேலையை விட்டவர்களின் தனிப்பட்ட முகவரிகள். கணக்கை மூடுகிறார்கள், கதவுச் சாவியை வாங்கிக்கொள்கிறார்கள். விற்பனை என்ற வரியின் வலப்பக்கத்தில் மூன்றாவதாக அவருடைய ஜிமெயில் இருப்பது யாருக்கும் நினைவிருக்காது; வாடிக்கையாளர் கடிதங்கள் அவருக்கும் போய்க்கொண்டே இருக்கும். போஸ்ட்மேப்பை 'எஸ்' தெரிவோடு ஓட்டினால், சர்வர் உண்மையில் பயன்படுத்தும் எல்லா வரிகளும் கொட்டும். அதில் உங்கள் டொமைன்கள் அல்லாத வலப்பக்கங்களை மட்டும் வடிகட்டிப் பாருங்கள்.

போனவரின் சொந்தப் பெயர் முகவரியை என்ன செய்வது? இன்னொருவருக்குத் திருப்புவதுதான் வழக்கம், அவருடைய தனிப்பட்ட கடிதங்களும் சேர்ந்து வரும் என்பதை யோசிப்பதில்லை. போஸ்ட்ஃபிக்ஸில் 'ரிலொகேட்டட் மேப்ஸ்' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. பெட்டியை மூடி அலையஸ் வரியையும் எடுத்துவிட்டு, அந்தப் பெயரையும் அதற்கு எதிரே விற்பனை@இனிப்பு.பரிட்சை என்றும் அதில் எழுதினால், சர்வர் கடிதத்தை ஏற்காமல், இவர் இந்த முகவரிக்கு மாறிவிட்டார் என்று வாசலிலேயே சொல்லி மறுத்துவிடும். எழுதியவர் அதைப் படித்து, வேண்டுமென்றால் புது முகவரிக்கு அனுப்பிக்கொள்வார்.